பளிங்கில் ஒரு கை

ஏதென்ஸ் நகரின் மதிலுக்கு வெளியே, ஒரு காய்கறித் தோட்டத்தில் லம்பித்தோ என்ற பெண்மணி தத்துவம் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான தெரோன், அவரைவிட முப்பது வயது மூத்தவர். ஒரு காலத்தில் கப்பல் முதலாளி. ஆலிவ் பறிக்கும் காலத்தைத் தாண்டமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் லம்பித்தோ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது தெரோன் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, கப்பலை விட்டேன். மாளிகையை விட்டேன். மீன்கூட விட்டுவிட்டேன்.”

“மீனை விடச் சொன்னேனா?”

“இல்லை. ஒரு வேகத்தில் அதுவும் போய்விட்டது. செத்தவனுக்கு வலி இல்லை என்ற பாடமும் தலைகீழாகத் தெரியும். ஆனாலும் சாவை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறதே, ஏன்?”

“காலையில் எங்கே போயிருந்தீர்கள்?”

“சிற்பியிடம். என் கல்லறைக்குக் கல் சொல்லியிருக்கிறேன்.”

இறந்தவர் தம் உறவினரின் கையைப் பற்றி நிற்பதுபோல அந்தக் கற்களில் செதுக்குவது வழக்கம். அது வழியனுப்புவதா, வரவேற்பதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவர்களுக்கும் பொழுது போகவேண்டுமே.

“யார் கையைப் பிடித்திருக்கிறீர்கள்?”

“மகள் மெலித்தாவின் கையை.”

“அவள் சிற்பியிடம் வந்து நின்றாளா?”

“எங்கே வருவாள்? பேச்சு நின்று பதினோரு வருஷம். என் கப்பலில் துடுப்புப் போட்டவனையே கட்டிக்கொண்டாள். வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டேன்.”

“பிறகு, கை?”

“ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன். சிற்பி திட்டுகிறான். ‘பெரியவரே, இது ஏழு வயதுக் குழந்தையின் கை. கல்யாணமான பெண்ணுக்கு இதை வைத்தால் ஊரே சிரிக்கும்’ என்கிறான்.”

லம்பித்தோ பட்டாணியைக் கீழே வைத்தார்.

“அவள் வீடு எங்கே?”

“குயவர் தெருவில். இங்கிருந்து கிளம்பினால் கஞ்சி ஆறுவதற்குள் போய்விடலாம்.” தெரோன் குனிந்து செருப்பின் வாரைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது. “அம்மா, என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டால்?”

“கையால்தானே சாத்துவாள், பெரியவரே. நன்றாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். சிற்பிக்குச் சொல்லவேண்டாமா?”