நடந்து போன தேரி

சுற்றுலாக் கப்பல் தூத்துக்குடியில் ஒரு பகல் நிற்கும், திருச்செந்தூர் போய் வரலாம் என்றதும் சாப்பாட்டு மேசையில் சாருமதி உதட்டைச் சுழித்தாள். "திருச்செந்தூரா? ஊரே போற இடம். நாங்க ஆள் போகாத இடமாப் பாத்துத்தான் போவோம்."

எதிரே இருந்த புவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. போன துறைமுகத்தில் பேர்போன கோட்டையைப் பார்த்துவிட்டு வந்து இதே சாருமதியிடம் அசடு வழிந்தவள் அவள். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குள் அந்த வாயை அடைத்தாக வேண்டும்.

துறைமுக வாசலில் நின்ற வண்டியெல்லாம் திருச்செந்தூருக்குப் பறந்துவிட்டன. வேப்பமரத்தடியில் ஒரு கிழட்டு வேன் மட்டும் மிச்சம். டிரைவர் செலஸ்டினுக்கு வண்டி ஓடாத நாளிலும் வாய் ஓடும்.

"ஆள் போகாத இடமா? அதுக்குத்தாம்மா நான் இருக்கேன்! முதல்ல உப்பளம். போன வருசம் ஒரு வெள்ளைக்காரர் உப்புக் குவியல்ல சாஞ்சு கண்ணசந்துட்டாரு. எந்திரிக்கையில நல்ல கருவாடு! கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டான். அலசி, ஊறவச்சுல்லா அனுப்பினோம்."

"என்ன கருவாடு?" என்றார் புவனேஸ்வரியின் கணவர் கனகசபை. ஓய்வுபெற்ற ஆடிட்டர், பொண்டாட்டி தும்மினாலும் ஆதாரம் கேட்பார்.

"சீலா, சார். ஆளு நல்ல நீளம்."

கனகசபை மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்து எங்க ஊரு முந்திரி இனிப்பு, மக்ரூன் போடுற இடம். எங்க மாஸ்டர் முட்டை வெள்ளைக்கருவ அடிக்கிற அடியில, மக்ரூன் தட்டுல நிக்காது. கூரையில போய் ஒட்டிக்கிடும், தொரட்டி போட்டுத்தான் பறிக்கணும். ஒரு அம்மா ஆசைக்கு அரைக் கிலோ தின்னுட்டு அப்படியே மேல கிளம்பிட்டாங்க. கால்ல கயிறு கட்டி வேன் பின்னால பட்டம் மாதிரி இழுத்துட்டு வந்தேன்."

"வழியில கரண்டு கம்பி இல்லையா?"

"அன்னைக்கு கரண்டு கட்டு, சார்."

புவனேஸ்வரிக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. "சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். அதுக்குள்ள திரும்பிடுவோமா?"

"தேரிக்குப் போனா அந்தக் கவலையே வேண்டாம்மா!"

தேரி என்பது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. காற்றடித்தால் மணல் கொஞ்சம் இடம் மாறும். உண்மை அவ்வளவுதான், மீதி செலஸ்டினுக்குச் சொந்தம்.

"தேரி நடக்கும்மா. ஒருநாள் உச்சியில வண்டிய நிப்பாட்டி, கட்டுச்சோறு தின்னுட்டு எல்லாரும் அசந்துட்டோம். முழிச்சுப் பாத்தா, தேரி எங்களச் சுமந்துக்கிட்டு ரோட்டோரமா வந்துக்கிட்டு இருக்கு! ரயில்வே கேட்டுல ஒழுங்கா நின்னு, ரயில் போனப்புறந்தான் தாண்டுச்சு. இதே வாசல்ல எங்கள இறக்கிவிட்டுட்டுப் போயிருச்சு."

"டீசல்?"

"மிச்சம் சார்!"

"ஏறுங்க," என்றாள் புவனேஸ்வரி.

செலஸ்டின் சாவியைத் திருகினார். வேன் இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் அதற்கும் தெம்பில்லை. கனகசபை இறங்கித் தள்ளினார், துறைமுக வாட்ச்மேன் தள்ளினார், புவனேஸ்வரியும் புடவையைச் சொருகிக்கொண்டு தள்ளினாள். வேன் அசையவே இல்லை.

"தேரிதான் நடக்குமே," என்றார் கனகசபை மூச்சு வாங்க. "கூப்பிடுங்க, வந்து ஏத்திக்கிட்டுப் போகட்டும்."

செலஸ்டின் தலையைச் சொறிந்தார். "இன்னைக்கு சஷ்டில்லா, சார்? அதுவும் திருச்செந்தூர் போயிருக்கும்."

அன்றைய சுற்றுலா அந்த வேப்பமரத்தடியிலேயே முடிந்தது. பார்த்தது ஒரு டீக்கடை, தின்றது பருப்பு வடை. கப்பலேறும்போது புவனேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரி மேசையில் யாரும் கேட்பதற்கு முன்பே சாருமதி ஆரம்பித்துவிட்டாள். "நாங்க ஒரு தீவுக்குப் போனோம். ஒரு ஈ காக்கா இல்ல. நீங்க?"

புவனேஸ்வரி தண்ணீர் குடித்தாள். பிறகு தேரியின் மேல் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ரயில்வே கேட்டு வரைக்கும், ஒன்றுவிடாமல் சொன்னாள். கனகசபைக்குப் புரையேறியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆதாரம் கேட்கவில்லை.

சாருமதி கேட்டாள். "நடக்குற தேரியா! போட்டோ காட்டுங்க பாப்போம். எங்க தீவை நான் காட்டுறேன்." செல்போனை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். போனோடு சேர்ந்து ஒரு பன்னீர் இலையும் மேசையில் விழுந்தது, திருச்செந்தூரில் விபூதி மடித்துக் கொடுக்கிற அதே இலை.

புவனேஸ்வரி இலையைப் பதமாக எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"போட்டோ எதுக்குங்க? எங்கள இறக்கிவிட்டுட்டு அது நேரா திருச்செந்தூருக்குத்தான் போச்சு. வரிசையில உங்களுக்குப் பின்னாலதான் நின்னுச்சாம். நீங்க பாக்கலையா?"