ஏழாவது படுக்கை

சந்தேகம் வந்துவிட்டால் துரைசிங்கத்துக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு மங்கையர்க்கரசியின் அறைக்குள் நுழைந்தார். மருத்துவக் கருவிகளுக்கு நிரல் எழுதும் அந்த அலுவலகத்துக்கு மங்கையர்க்கரசிதான் தலைமை. வயதில் இவருக்கு இளையவர். துரைசிங்கம் அவரை ‘குருவே’ என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டார். போகப்போக அது நிஜமாகிவிட்டது.

“குருவே, புதுசா வந்த பெனாசிர் என் நிரல்ல கை வெச்சுட்டா.”

“பார்த்தீங்களா?”

“பார்க்க வேற செய்யணுமா? வார்டுல பத்துப் படுக்கை. என் கணினியில பத்துப் பேர் நாடியும் பதிவாகுது. அவ தயார் பண்ணின கருவியில ஏழாவது படுக்கை வந்ததும் ‘எல்லை மீறல்’னு நின்னுடுது. யார் காதுல பூ சுத்தறா?”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“திருடிகிட்டயேவா கேக்கறது? சாயங்காலம் அவளை நிரந்தரமாக்கற கூட்டம். அவ வேலை போகட்டும். இப்ப இங்கேயே வரச் சொல்லியிருக்கேன், மூஞ்சிக்கு நேராச் சொல்லிடறேன்.”

குரு டப்பாவைப் பார்த்தார்.

“நேத்து இதைவிடச் சின்ன டப்பா இல்ல?”

“நேத்து நான் கட்டினேன். இன்னிக்கு வீட்டுல கட்டினா. அதே ரசம் சாதம், அதே அவரைக்காய்ப் பொரியல்தான்.”

“அப்புறம் ஏன் பெரிசு?”

“பொரியல் ஊறிடும்னு நடுவுல இடம் விட்டு வைப்பா.”

“சாப்பாட்டுல கை வெச்சுட்டாங்களோ?”

“ஐயய்யோ, அவளா!”

குரு திரையில் நிரலைத் திறந்தார்.

“நிரலைக் கருவிக்குப் புரியற மாதிரி மாத்தற கம்பைலரும் தகவலை இப்படிக் கட்டித்தான் கொடுக்குது. உங்களோடது நெருக்கிக் கட்டும். அந்தக் கருவியோடது, எடுக்க வசதியா நடுவுல இடம் விட்டுக் கட்டும்.” எல்லையைக் காவல் காக்கும் வரியில் விரலை வைத்தார். “ஒரு படுக்கைக்கு அஞ்சு பைட் இடம்னு போட்டிருக்கே. இது எங்கேருந்து வந்தது?”

“நான்தான் கூட்டிப் போட்டேன். படுக்கை எண்ணுக்கு ஒண்ணு, துடிப்புக்கு நாலு…” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

“அங்க இடைவெளியோட சேர்த்து எட்டு. பத்துப் படுக்கைக்கு நீங்க வெச்ச அம்பது, ஏழாவதுலயே தாண்டிடுது. கம்பைலர்கிட்டயே அளவு கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும்.”

கதவு தட்டும் சத்தம். பெனாசிர் பயந்துபோய் நின்றாள்.

“சார், கூப்பிட்டீங்களாமே?”

துரைசிங்கத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“உட்காரும்மா,” என்றார் குரு. “சார் உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். முதல் தடவையா.”