கரட்டு உச்சியில் பறித்த பூ

“இனிமே என்னால அந்தக் கரட்டு மேல இருக்க முடியாது, தாயி.”

மலையிலிருந்து இறங்கி வந்த மாசிலாமணி, நின்ற நிலையிலேயே சொன்னார்.

செங்கமலம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வயதில் அவரில் பாதிதான். ஆனால் மூலிகை வைத்தியம் அவள் கையில் இருந்தது. அதனால் குரு அவள், சீடர் அவர். செடிகளோடு இருந்து பழக அவரைக் கரட்டுக்கு அனுப்பியவளும் அவள்தான்.

“மெதுவாப் பேசுங்கண்ணே. இப்பத்தான் கண்ணசந்தான்.”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூணு மாசமாச்சு. மனுச முகம் பார்க்கலை. நேத்து ஒரு கல்லைப் பார்த்து, சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“என்ன சொல்லுச்சு?”

“கேலி பண்ணாதீங்க. வீட்டுல யாருமில்லைன்னுதான் உங்ககிட்ட படிக்க வந்தேன். அங்கேயும் யாருமில்லைன்னா எனக்கு எதுக்கு இந்தப் படிப்பு? இன்னிக்கே கிளம்பறேன்.”

“சரி. கடைசியாப் பறிச்ச செடியைக் கொடுத்துட்டுப் போங்க.”

பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்து நீட்டினார். உள்ளே, வேரோடும் இலையோடும் ஓர் ஊதாப் பூ. இதழ்கள் குவிந்தபடியே நசுங்கிக் காய்ந்திருந்தன.

“நான் படுக்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, பாறை வெடிப்புல இது ஒண்ணுதான் நின்னுச்சு. என்னை மாதிரியே நாதியத்தது. நீங்க சொன்னபடி, வெயில் வர்றதுக்கு முன்னாடியே பிடுங்கி, தாள்ல வச்சு, கல்லை ஏத்திட்டேன்.”

“பக்கத்துல வேற யாரும் இல்லையா?”

“ஒரு ஈ எறும்பு கூட இல்லை.”

செங்கமலம் தொட்டிலை விட்டாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஒட்டியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

பூவின் அடியில் ஒரு தேனீ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. காலை மடக்கிக்கொண்டு, முதுகெல்லாம் மகரந்தத்தோடு, தாளோடு தாளாகக் கிடந்தது.

மாசிலாமணி உட்கார்ந்தார். குனிந்து பார்த்தார்.

“இது எப்படி உள்ளே?”

“இந்தச் சாதியில ஆணுக்குக் கூடு கிடையாதுண்ணே. பொழுது சாஞ்சா, பழகின பூவுக்குள்ள வந்து படுத்துக்கும். வெயில் வந்தாத்தான் எந்திரிக்கும்.”

அவர் கை தாளைத் தொடப் போய் நின்றது.

“எத்தனை நாளா, தாயி, இது என் பக்கத்துல படுத்துக் கிடந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் செங்கமலம். “மேல இருந்தது நீங்கதானே.”