சங்கிலியில் வந்த கூஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள். ஆஸ்தான வைத்தியர் மார்த்தாண்டர் அவருக்குக் காப்பியைப் பழக்கி, "இது வீரபானம்" என்று அளந்துவிட்டிருந்தார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு குவளை. ராஜாவுக்குக் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ஈ பறந்தாலும் எரிந்து விழுந்தார். சபையோ, "ஆகா, சிங்கத்தின் சீற்றம்" என்று ஜால்ரா போட்டது.

விகடகவி பிச்சாண்டி மட்டும் அதில் சேரவில்லை. அது வைத்தியருக்கு உறுத்தியது.

"மன்னா, யாரோ தங்களுக்குச் சூனியம் வைத்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த பிச்சாண்டி அந்தப் பாவியைப் பிடித்துத் தரட்டுமே" என்றார்.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் என்னை ஆட்டிவைப்பவனைச் சங்கிலியில் கட்டி என்முன் நிறுத்து. தவறினால் உன் தலை இருக்காது" என்று கத்தினார் ராஜா.

இல்லாத சூனியக்காரனை எங்கே போய்ப் பிடிப்பது? யோசித்த பிச்சாண்டிக்கு ஒன்று நினைவு வந்தது. விடிந்து முதல் குவளை வரும்வரை ராஜா நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

மறுநாள் காப்பிக் கூஜாவைச் சங்கிலியில் கட்டி இழுத்துவந்து, "மன்னா, குற்றவாளி" என்றான். சபை கெக்கலித்தது.

"அரச பானத்துக்கே அவமானம். இவன் தலையை வாங்குங்கள்" என்றார் வைத்தியர்.

"வாங்கட்டும். அதற்குமுன் ஒரு விண்ணப்பம். அரசருக்குக் கொடுப்பதைக் கொடுப்பவரே முதலில் குடித்துக் காட்டுவது அரண்மனை வழக்கம். வைத்தியர் பன்னிரண்டு குவளைக்கும் சேர்த்து ஒரு கரண்டிதான் ருசி பார்க்கிறார். இன்று வழக்கத்தை முழுதாகச் செய்யட்டும்."

ராஜா தலையசைத்தார். வைத்தியர் குடித்தார். நாலாவது குவளைவரை காப்பியின் பெருமையைப் பேசினார். ஏழாவதில் தொடை ஆடியது. ஒன்பதாவதில் சாமரம் வீசியவளைத் திட்டினார்.

"எப்படி இருக்கிறது, வைத்தியரே?" என்று கேட்டார் ராஜா.

"தொணதொணக்காமல் சும்மா இருமய்யா" என்று சீறினார் வைத்தியர்.

ராஜா தம் நடுங்கும் கையைப் பார்த்தார். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்.

"நானும் இப்படித்தான் இருந்தேனா?"

"ஆமாம், மன்னா. தங்கள் தலையில் கிரீடம் இருந்தது. அதனால் சபை கைதட்டியது."

பிச்சாண்டிக்கு முத்துமாலை கிடைத்தது. அடியோடு நிறுத்தினால் தலைவலி வரும் என்று அவன் சொன்னதால், கூஜாவுக்கு ஆயுள் சிறையும், தினம் காலையில் ஒரு குவளைக்கு மட்டும் விடுதலையும் விதிக்கப்பட்டன. சிறையிலிருந்து அதைத் தூக்கிவந்து திரும்பக் கொண்டுபோய் அடைக்கும் வேலை மார்த்தாண்டருக்கு. சபை அன்றே, "ஆகா, சிங்கத்தின் பொறுமை" என்று புது ஜால்ராவை ஆரம்பித்துவிட்டது.