எழுந்திருக்காத கூட்டம்

ஒரு நாட்டுக்கு ஒரு ராஜா போதும். மருதங்காவலிலோ ராஜா ஒருவர், கூட்டத் தலைவர்கள் நாற்பது பேர். பஜனைக் கூட்டம், பல்லக்குத் தூக்குவோர் கூட்டம், தாளம் தப்பியதில் அடித்துக்கொண்டு பிரிந்த இன்னொரு பஜனைக் கூட்டம். தினம் ஒன்று உடையும். உடைந்த இரண்டும் நியாயம் கேட்டு அரண்மனைக்கு வந்து நிற்கும்.

ராஜா இளவழுதிக்குத் தலைவலி. "உடையாத கூட்டம் ஒன்றாவது என் நாட்டில் உண்டா?"

தளவாய் நாகமுத்து இதற்காகவே காத்திருந்தவர். "விகடகவி ஆதிமூலத்துக்குத் தெரியாததா, பிரபு? மூன்று நாளில் காட்டட்டும். முடியாவிட்டால் அவையில் அவர் இடம் என் மைத்துனனுக்கு!"

"சரி" என்றுவிட்டார் ராஜா.

ஆதிமூலம் இரண்டு நாள் ஊரை அலசினார். போன இடமெல்லாம் சண்டை. பசியோடு வீட்டுக்கு வந்தால் அடுப்பே பற்றவைக்கவில்லை. மனைவி தையல்நாயகி உச்சிவேளை தாண்டித்தான் கோயிலிலிருந்து வந்தாள்.

"ஏன்டி, சாமிக்குப் பூக்கட்ட இவ்வளவு நேரமா?"

"பூ காலையிலேயே கட்டியாச்சு. எழுந்து வர முடியணுமே! நடை சாத்தினப்புறம் எல்லாருமாச் சேர்ந்துதான் எழுந்தோம்" என்றவள், காரணத்தையும் சொன்னாள். ஆதிமூலத்துக்குப் பசி பறந்தது.

மறுநாள் ஆதிமூலத்தோடு ராஜாவும் தளவாயும் மாறுவேடத்தில் கோயில் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். பூக்கூடைகள் காலி. பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியின் வயிறு கடமுடா என்றது. ஒருத்தி மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டாள். ஒருத்தியும் எழவில்லை.

"என்ன பாசம்! என்ன ஒற்றுமை!" ராஜாவுக்குக் கண் கலங்கியது. தளவாய்க்கு முகம் சுண்டியது.

"பாசமில்லை பிரபு, பயம்" என்றார் ஆதிமூலம். "யார் முதலில் எழுகிறாளோ, அவள் படி இறங்குமுன் அவள் மருமகள் முதல் நேற்று வைத்த குழம்பு வரை இங்கே அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். யார் எழுவாள்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தைக் கழற்றி ஆதிமூலத்துக்குப் போட்டார். அவைக்குத் திரும்பியும் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தப் பெண்களே இப்படித்தானய்யா!"

அவையும் சேர்ந்து சிரித்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. ராஜா பாதி எழுந்தார். மந்திரிகள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். தளவாய் அதற்குள்ளேயே பக்கத்து மந்திரியின் காதுப்பக்கம் சாய்ந்துவிட்டார்.

ராஜா மெல்ல உட்கார்ந்தார்.

"இலையை இங்கேயே போடச் சொல்லுங்கள்."