நேர்வாலி வாலாட்டியான கதை

அந்தக் காலத்தில் தராசு பிறந்திருக்கவில்லை. வாய் இருந்த எல்லாமே பேசின. பேசியவை எல்லாம் சமைத்தும் சாப்பிட்டன. சமையலுக்கு வேண்டிய சாமானை ஆற்றுப் பாறையில் ஒரு சின்னக் குருவி நிறுத்துக் கொடுத்தது. அலகில் கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு, வாலில் சாமானைத் தொங்கவிடச் சொல்லும். வால் நேராக நின்றால் எடை சரி. மற்ற நேரத்திலும் அந்த வால் ஆடாது, அசையாது. அதனால் நேர்வாலி என்று பெயர். வாலைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, அழகான வால்தான்.

ஒரு மழைக்காலத்தில் மூக்காயி என்ற மந்தியின் குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. வைத்தியம் பார்த்த கரடி, "கஞ்சியில ஒரு சிப்பி கல்லுப்பு போட்டுக் குடு. குறைஞ்சா போக்கு நிக்காது. கூடுனா பிள்ள தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனது.

பெய்த மழையில் கல்லுப்பெல்லாம் கரைந்து போயிருந்தது. எங்கெங்கோ தேடி, ஒரு குகைச் சுவரைச் சுரண்டியதில் தூளுப்பு கிடைத்தது. மந்தி அதை இலையில் பொதிந்துகொண்டு பாறைக்கு ஓடி வந்தது.

"அக்கா, கல்லுப்பு கிடைக்கல. தூளு எவ்வளவு போடணும்? நிறுத்துச் சொல்லுங்க, பிள்ள கிடக்குற கிடையப் பாக்க முடியல."

நேர்வாலி அப்போதுதான் குளித்து வாலைக் கோதி முடித்திருந்தது. உப்பு பட்டால் பிசுபிசுக்குமே என்று யோசித்தது.

"இதுக்குப் போய் நிறுக்கணுமா? ஒரு சிப்பின்னா ஒரு சிப்பிதான். தலைதட்டிப் போடு, போ."

நேர்வாலியே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? மந்தி திரும்பி ஓடியது.

அது போனதும் குருவிக்குச் சந்தேகம் வந்தது: கல்லும் தூளும் ஒரே எடைதானா? ஒரு சிப்பி நிறையப் பரல்கற்களை வாலில் மாட்டி, அதற்குச் சரியான கூழாங்கல்லைத் தேடிக் கவ்வி, நேராக நின்று பார்த்தது. பிறகு அதே சிப்பியில் மணலை நிரப்பி மாட்டியது. வால் தொபுக்கென்று இறங்கிவிட்டது. பரலுக்கு நடுவே பெரிய பெரிய இடுக்கு, வெறும் காற்று; மணல் நெருங்கி உட்கார்ந்துகொள்கிறது. கல்லுப்பும் தூளுப்பும் அப்படித்தானே!

"ஐயோ, கூடிப்போச்சே!"

விழுந்தடித்து மந்தியின் மரத்துக்குப் பறந்தது. கஞ்சிக் கலயத்தில் பாதிக்கு மேல் காலி. குட்டியின் உதடு வெடித்திருந்தது.

"குடுக்காத! நான் நிறுக்கவே இல்ல மூக்காயி!"

மந்தி கலயத்தைக் கவிழ்த்தது. குருவி ஆற்றுக்கும் மரத்துக்குமாகப் பறந்து, அலகில் தண்ணீர் கொண்டுவந்து குட்டியின் நாக்கில் விட்டுக்கொண்டே இருந்தது. இருட்டும் வேளையில் குட்டி லேசாகக் கண்ணைத் திறந்தது.

"தேறிடுமா?"

"தெரியல. நீங்க போங்க" என்றது மந்தி. அக்கா என்று கூப்பிடவில்லை.

விடிந்ததும் குருவி வந்து பார்த்தால் மரத்தில் யாரும் இல்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு மந்தி எந்தக் காட்டுக்குப் போனதோ! குருவி கரை கரையாகத் தேடியது. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டது. பிழைத்திருக்கும் என்று நினைத்தால் வால் ஏறியது. கூடிப்போச்சே என்று நினைத்தால் இறங்கியது.

அன்று முதல்தான் அதற்கு வாலாட்டி என்று பெயர். தண்ணீர் ஓரம் எங்கே கண்டாலும் பாருங்கள், ஒரு நொடி நிலைக்காது அந்த வால். குட்டி தேறியதா என்று அதற்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.