ஒரு விதைக்கு ஒரு சுற்று

கண்மாய்க்கரை மேட்டில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதில் நாற்பது பொந்துகள். எல்லாவற்றுக்கும் வழி அங்கிருந்த பெரிய பொந்தின் வாசல்தான். நாற்பதிலும் காட்டு விதைகள் இருந்தன. கண்மாய் உடைந்து காடு மூழ்கும் வருஷங்களில் எல்லாப் பிராணிகளும் அந்த மேட்டில்தான் வந்து ஒண்டும். வெள்ளம் வடியும்வரை தின்பது அந்தப் பொந்துகளில் இருந்துதான். வடிந்த பிறகு விதைப்பதும் அதிலிருந்துதான்.

பொந்துகளைப் பார்த்துக்கொண்டவள் தும்பை என்ற அணில். எந்த விதை எந்த இனம், யாருக்குத் தீனி, யாருக்கு விஷம், எதன் பக்கத்தில் எதை வைத்தால் கெட்டுப்போகும், எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"தினை மூணாம் பொந்து. குருவிக்கும் எலிக்கும் ஆகும். பக்கத்துல பலாக்கொட்டையை வைக்காதீங்க, ஈரம் ஏறிடும்!" என்று கேட்டவுடன் சொல்வாள்.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விதை வந்தால் அதை அதன் பொந்தில் வைப்பாள். பிறகு நாற்பது பொந்துக்கும் ஏறி இறங்குவாள். புது விதை யாருக்காவது கெடுதலா, யாராவது அதற்குக் கெடுதலா என்று ஒவ்வொன்றையும் மோந்து பார்ப்பாள். எல்லாம் சரி என்றால்தான் அடுத்த விதையை வாங்குவாள். ஒரு விதைக்கு ஒரு சுற்று.

அந்த வழக்கம் சும்மா வரவில்லை. போன வருஷம் தட்டப்பயறோடு ஒரு வெள்ளைக் குன்றிமணி கலந்துவிட்டது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புக் கண். வீராயி என்ற மைனா அதைத் தெரியாமல் தன் குஞ்சுக்கு இடித்து ஊட்டிவிட்டாள். குஞ்சு பிழைக்கவில்லை. வீராயி ஒரு வார்த்தை ஏசவில்லை. அவள் ஏசியிருந்தால்கூடத் தும்பைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்துதான் இந்தச் சுற்று.

நாளுக்குப் பத்து விதை வரும்வரை சிரமம் ஒன்றும் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆடி முடிவதற்குள்ளேயே எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிட்டன. கூடவே காட்டில் கிடந்த விதையையெல்லாம் வாரிக்கொண்டு வந்தன. மரத்தடியில் இருந்து கண்மாய் மடைவரை வரிசை நின்றது. எறும்புகளின் தலைவி ராக்கு அண்ணாந்து கத்தினாள்.

"மதினி! வானத்தைப் பாருங்க, கருப்பா இறங்குது! வாங்கிப் போடுங்க!"

"இரு ராக்கு, ஒரு சுற்று போயிட்டு வந்துடறேன்!"

"இப்பத்தானே போனீங்க!"

"அது வரகுக்கு. இது சாமைக்கு."

தும்பை ஓடினாள். உள்ளே விதை கூடக் கூடச் சுற்றும் நீண்டுகொண்டே போனது. காலையில் நூறு விதைக்குள் மூக்கை நுழைத்தவள், உச்சிப்பொழுதில் நானூறுக்குள் நுழைத்தாள். வாங்கிய வேகம் குறைந்தது. வரிசை மட்டும் குறையவில்லை. உச்சிக்கிளைக் கூட்டில் அவளுடைய மூன்று குட்டிகளும் பால் இல்லாமல் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

தொப்பளான் என்ற பெருச்சாளி வேரடியில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தான்.

"தங்கச்சி, உன் வால் தேஞ்சுபோச்சு! இந்த வேகத்துல போனா அடுத்த வருஷ வெள்ளத்துக்குத்தான் கதவைச் சாத்துவே!"

"நீங்க ஒரு கை கொடுக்கலாமே அண்ணே!"

"ஒரு யோசனை கொடுக்கிறேன். எல்லாத்தையும் ஒரே பொந்துல கொட்டு. பசிக்கிறவன் பொறுக்கித் தின்னுக்கட்டும். மோந்து பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகுது?"

தும்பை அடுத்த பொந்துக்குத் தாவினாள். எதிர்க்கிளையில் வீராயி உட்கார்ந்திருந்தாள். அது அவள் காதிலும் விழுந்தது.

முதல் தூறல் விழுந்தது. வரிசையின் கடைசியில் நின்ற விதைகள் நனைய ஆரம்பித்தன. நனைந்த விதை முளைத்துவிடும், இல்லையென்றால் அழுகிவிடும். இரண்டானாலும் வெள்ள நாளில் வாய்க்கு உதவாது.

குட்டிகளின் கத்தல் பொறுக்காமல் தும்பை மேலே ஓடினாள். மூன்றும் அவள்மேல் விழுந்து பால் குடித்தன. ஒன்று சிந்தியது, ஒன்று கக்கியது, ஒன்று இன்னொன்றின் காதை நனைத்தது. தும்பை அசையாமல் படுத்திருந்தாள். மூன்று வயிறும் நிறைந்த பிறகுதான் எழுந்தாள். மூன்று முகத்தையும் கூட்டையும் ஒரே தடவையாக நக்கிச் சுத்தம் செய்தாள்.

செய்து முடித்ததும் நாக்கு அப்படியே நின்றது.

"ஒவ்வொரு சொட்டுக்கும் எழுந்து துடைச்சிருந்தா இதுங்க வயிறு எப்ப நிறையும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

கேட்டது சரிதான். ஆனால் போன வருஷம் நடந்தது? பயத்தோடு எதிர்க்கிளைக்குத் தாவினாள். இத்தனை நாளாக வீராயியின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசியதில்லை.

"அக்கா, சுற்றை நிறுத்திட்டு முதல்ல எல்லாத்தையும் வாங்கி வைக்கலாமான்னு தோணுது. கடைசியில ஒரே சுற்று. நீங்க வேண்டாம்னா செய்யமாட்டேன்."

வீராயி இறகை ஒதுக்கிக்கொண்டாள்.

"தும்பை, விதை உள்ளே வரும்போது யாராவது தின்னுறாங்களா?"

"இல்லை."

"எப்போ தின்னுறாங்க?"

"வெளியே எடுக்கும்போது."

"என் குஞ்சு செத்தது குன்றிமணி உள்ளே வந்ததால இல்லை. யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி நான் வெளியே எடுத்ததால. நீ வாங்கி வை. கடைசிச் சுற்று முடியறவரைக்கும் ஒருத்தரும் வாய் வைக்கக்கூடாது. பெரிய பொந்து வாசல்ல நான் உட்கார்றேன்."

தும்பைக்குக் கண் நிறைந்தது. ஆனால் அழ நேரமில்லை. கீழே பார்த்துக் கத்தினாள்.

"ராக்கு! ஒவ்வொண்ணா மேலே தராதே! தினையைத் தினையோட சேரு, பயறைப் பயறோட சேரு! ஒவ்வொரு குவியலையும் பூவரசு இலையில வை! எனக்குக் குவியலாத்தான் வேணும்!"

"இதைக் காலையிலேயே சொல்லியிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்குமே மதினி!" என்று ராக்கு சிரித்தாள்.

நூறு எறும்புகள் விதை பிரித்தன. தொப்பளானும் வேறு வழியில்லாமல் இலைக்காம்பைக் கவ்வி மரத்தடிக்கு இழுத்து வந்தான். தும்பை வாங்கினாள், வைத்தாள், இறங்கினாள். மோந்து பார்க்கவில்லை, சுற்றவில்லை. காலையில் இருந்து ஏறாத அளவு விதை ஒரு நாழிகையில் ஏறியது. கடைசி இலை ஏறியதும் மழை கொட்டியது. கண்மாய்த் தண்ணீர் மேட்டைச் சுற்றி வளைத்தது.

எல்லாரும் மரத்தோடு ஒட்டி நின்றார்கள். பசி எல்லாருக்கும்தான். தொப்பளான் மட்டும் பெரிய பொந்து வாசலுக்கு வந்து, தட்டப்பயறு வைத்த இலையை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஒரே ஒரு பிடி! இழுத்ததே நான்தானே!"

வீராயி அவன் கையில் நறுக்கென்று கொத்தினாள்.

"ஐயோ! மழையும் வந்தாச்சு, விதையும் ஏறியாச்சு, இன்னும் என்ன?"

"இன்னும் ஒரு சுற்று" என்றாள் வீராயி.

தும்பை அந்த ஒரு சுற்றைத் தொடங்கினாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. பலாக்கொட்டை இலையைத் தினையை விட்டுத் தள்ளி வைத்தாள். நனைந்த எள்ளைக் காற்றுவாக்கில் பரப்பினாள். கடைசியாகத் தட்டப்பயறு இலைக்கு வந்தாள்.

தூறலில் நனைந்து பயறெல்லாம் தோல் சுருங்கிக் கிடந்தது. நடுவில் நாலு மட்டும் சுருங்காமல் மொழுமொழுவென்று மின்னின. தும்பை குனிந்து பார்த்தாள். வெள்ளைக் குன்றிமணி! ஒவ்வொன்றாக வந்திருந்தால் தெரிந்திருக்காது. ஒரே இனம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததால்தான் வேறு இனம் பளிச்சென்று தெரிந்தது.

நாலையும் வாயில் படாமல் ஒரு சருகில் எடுத்துவந்து வாசலில் வைத்தாள். தொப்பளான் பார்த்தான். தான் கை நீட்டியது எந்த இலைக்கு என்று நினைத்தான். கொத்துப்பட்ட கையைத் தடவிக்கொண்டான்.

"கொத்தினது வலிக்குதா அண்ணே?" என்று ராக்கு கேட்டாள்.

"இல்லை" என்றான் அவன் மெதுவாக. "சுகமா இருக்கு."

வீராயி அந்த நாலையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சருகைக் கவ்விக்கொண்டு மழையில் பறந்துபோய், கண்மாயின் நடு ஆழத்தில் போட்டுவிட்டு வந்தாள். இறகில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தும்பையின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இப்போ திறடி" என்றாள்.

தும்பை பொந்துகளைத் திறந்தாள். எல்லாரும் பயமில்லாமல் தின்றார்கள்.

குவிந்து வரும் வேலையில் ஒவ்வொன்றுக்கும் நின்று முழுவதையும் சோதிப்பவர் பாதியைக்கூடச் சேர்க்க முடியாது, சோதிக்காமலே திறந்துவிடுபவர் சேர்த்ததையே நஞ்சாக்கிவிடுவார் என்பதால், முதலில் இனம் பிரித்துச் சேர்த்து, பிறகு ஒருமுறை பொறுமையாக முழுவதும் பார்த்து, அதன் பிறகே கதவைத் திறக்க வேண்டும்.